மெரியன் ரோ 15: ஒரு தகர விசிலும் ஒரு ஜிக்கும்

என் டின் விசில் பயிற்சி நோட்டில் நேற்றைய வரி இது: "மெட்ரோனோம் 96. மெட்டு முழுசாக மூன்று சுற்று. இரண்டாம் பகுதி முடியும் இடத்தில் மேல் காந்தாரம் ஒருமுறை கிறீச்சிட்டது." (மெட்ரோனோம், நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று தாளம் காட்டும் கருவி.) பதினெட்டு மாதத்துக்கு முன், அதே நோட்டின் முதல் பக்கத்தில், "கீழ் மூன்று துளையும் மூடவில்லை, காற்று ஒழுகுகிறது" என்று எழுதியிருக்கிறேன். நடுவில் நடந்ததை வரிசையாக எழுதலாம் என்று உட்கார்ந்தால், மனசு நோட்டை விட்டுவிட்டு டப்ளினுக்குப் போய்விடுகிறது. மெரியன் ரோ, 15ஆம் எண். ஓ'டொனஹூஸ் பப்.

வேலை நிமித்தமாக டப்ளினில் இருந்த காலம். நவம்பர் மாதம், மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது, சாரல் வேறு. கூட வேலை பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவர், "நீங்க பாட்டு கத்துக்கிட்டவர்னு சொன்னீங்களே, வாங்க" என்று கூட்டிப் போனார். ஸ்டீஃபன்ஸ் கிரீன் பூங்காவின் வடகிழக்கு மூலையைத் தாண்டினால் மெரியன் ரோ. வெளியிலிருந்து பார்த்தால் சின்ன இடம்தான். உள்ளே நுழைந்ததும் ஈரக் கம்பளிக் கோட்டு வாசம், மரப்பலகை வாசம், தோளோடு தோள் உரசும் கூட்டம். சுவரெல்லாம் இசைக்காரர்களின் படங்கள்.

கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு மூலையில் ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஃபிடில் (நம் வயலின்தான்), மீட்டி வாசிக்கும் ஒரு பேஞ்ஜோ, கைத்துருத்தி போன்ற ஒரு கான்செர்டினா, சின்னக் குழலான ஒரு டின் விசில். மேடை இல்லை, மைக் இல்லை. பாதிப் பேர் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். சபாவில் பாடகர் நம்மைப் பார்த்து உட்கார்வதையே கண்டு வளர்ந்த எனக்கு அது புரியச் சற்று நேரமானது. அவர்கள் ஒருவருக்கொருவர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பக்கத்தில் நின்று கேட்கலாம், அவ்வளவுதான். ஒரு மெட்டு இரண்டு மூன்று முறை வரும். பிறகு ஃபிடில்காரர் தலையை லேசாக நிமிர்த்துவார், நிறுத்தாமலே அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். இதைத்தான் அங்கே செஷன் என்கிறார்கள்.

அந்த விசில் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு அடி நீளம்கூட முழுதாக இல்லாத குழாய். அத்தனை பேர் பேச்சுச் சத்தத்துக்கும் கண்ணாடிக் குவளைச் சத்தத்துக்கும் மேலே, சிட்டுக்குருவி போல அது தனியாகக் கேட்டது. நான் கின்னஸின் ஆல்கஹால் இல்லாத வகையைக் கேட்டேன். முக்கால் குவளை ஊற்றி, நுரை அடங்கக் காத்திருந்து, மீதியை நிரப்பிக் கொடுத்தார்கள். அதைக் குடித்து முடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. குவளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன் என்பதுதான் சரி.

கட்டடம் 1789இல் மளிகைக் கடையாகக் கட்டப்பட்டது. 1934இல் ஓ'டொனஹூ குடும்பத்தார் எடுத்த பிறகுதான் முழு பப் ஆனது. பல பப்களில் "பாடக் கூடாது" என்று பலகை மாட்டியிருந்த காலத்தில் இங்கே பாட விட்டார்கள். 1960களின் தொடக்கத்தில் ரோனி ட்ரூ, லூக் கெல்லி, பார்னி மெக்கென்னா, கீரன் பர்க் நான்கு பேரும் இங்கே வாசித்துப் பழகித்தான் 1962இல் 'தி டப்ளினர்ஸ்' குழு உருவானது. 1964இல் ஃபிடிலோடு ஜான் ஷீஹன் சேர்ந்தார். மெக்கென்னா தன் நான்கு தந்தி பேஞ்ஜோவை ஃபிடிலைவிட ஒரு ஸ்தாயி கீழே சுருதி கூட்டினார். இன்றைக்கு அயர்லாந்தில் பேஞ்ஜோக்காரர்கள் பெரும்பாலும் அப்படித்தான் கூட்டுகிறார்கள். கீரன் பர்க் டின் விசில் வாசிப்பவர். கீரன் என்று தமிழில் எழுதிப் பார்த்தால் நம்மூர்ப் பழம்புலவர் ஒருவர் பெயர் போலவே இருக்கிறது. அந்த ஒற்றுமைக்காகவே குழுவில் அவரை எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும். மற்ற மூவரைப் போல அவரும் இன்று இல்லை, 1988இல் காலமானார். சுவரில் அந்தக் குழுவின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் விசில்காரரைத்தான் தேடுவேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பப்பில் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பது ஆயிரம் வருஷத்துப் பழக்கம் என்று நானும் நினைத்திருந்தேன். மெட்டுகள்தான் பழசு. அவை வீட்டு அடுப்பங்கரையிலும் நடனத்திலும் வாழ்ந்தவை. பப் செஷன் என்ற வடிவம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லண்டனுக்குப் பிழைக்கப் போன ஐரிஷ்காரர்கள் நடுவில் வேர்விட்டது. ஊரை விட்டுப் போனவர்கள், கூடி உட்கார வேறு இடம் இல்லாதவர்கள் கண்டுபிடித்த வழி அது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, வெளியூர்க்காரனாக அந்த மூலையில் நிற்பது எனக்குக் கூச்சமாக இல்லை.

அடுத்த சனிக்கிழமையே ஒரு இசைக்கருவிக் கடையில் விசில் வாங்கினேன். பித்தளைக் குழாய், பிளாஸ்டிக் ஊதுவாய், ஆறு துளை, டி சுருதி. பெயரில்தான் தகரம். 1843இல் இங்கிலாந்தில் ராபர்ட் கிளார்க் என்பவர் தகரத் தகட்டை உருட்டிச் செய்து விற்கத் தொடங்கியதில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மலிவானது என்பதால் அங்கே பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு இதுதான் முதல் வாத்தியம்.

முதல் இரண்டு வாரம் விரல் நுனியால் துளையை மூடப் பார்த்து வீணானது. நுனியால் இல்லை, விரலின் சதைப்பகுதியால் மூட வேண்டும். மூன்றாவது வாரம் ஆறையும் மூடி, கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தபோது வந்தது நேராக சங்கராபரண ராகம். நடுங்கிக்கொண்டு வந்தது, ஆனாலும் சங்கராபரணம். அன்று இரவு தூங்கவில்லை.

பிறகு நான் செய்தது தப்பு. முதல் நாள் கேட்ட மெட்டுகளில் ஒன்று 'கெஷ் ஜிக்' (ஜிக் என்பது ஒரு வகை நடன மெட்டு) என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அதன் நோட்டேஷனைத் தேடி எடுத்து, ஸ்வரமாக மாற்றி எழுதினேன். ஜி-யை ஷட்ஜமாக வைத்தால் இப்படி வரும்:

ச , , ச ரி க | ரி , , ரி க ப | த ப ப ச் ப ப | த ப க ப க ரி

எழுதி முடித்துப் பார்த்தால் மோகன ராகம்! முடிக்கும் இடத்தில் மட்டும் ஒரு நிஷாதம் தொட்டுவிட்டு ஷட்ஜத்தில் உட்காருகிறது. நடை தகிட தகிட, மூன்று மூன்றாகப் போகும் திஸ்ரம். இவ்வளவு தெரிந்த பிறகு என்ன கஷ்டம் என்று மூன்று மாதம் அந்தக் காகிதத்தைப் பார்த்தே ஊதினேன். மெட்ரோனோம் 60, 66, 72 என்று நோட்டில் அழகாக ஏறுகிறது.

பிப்ரவரியில் ஓ'டொனஹூஸுக்குப் போனேன். நான்காவதோ ஐந்தாவதோ மெட்டு முடிந்ததும் பக்கத்தில் நின்றவரிடம் "இது என்ன?" என்று கேட்டேன். "கெஷ்" என்றார். நான் மூன்று மாதம் வாசித்த மெட்டு என் காதுக்கு முன்னால் போயிருக்கிறது, எனக்கு அடையாளம் தெரியவில்லை. வேகம் ஒரு காரணம். ஆனால் நடையே வேறாக இருந்தது. நான் மூன்று அட்சரத்தையும் சமமாக அடுக்கியிருந்தேன். அவர்கள் வாசிப்பில் முதல் அட்சரம் சற்று நீண்டு, நடுவிலுள்ளது சுருங்கி, மூன்றாவது அடுத்ததைத் தள்ளிவிடுகிறது. காகிதத்தில் அது இல்லை.

இடைவேளையில் ஃபிடில் வாசித்த பெரியவரிடம் தயங்கித் தயங்கிப் போய் விஷயத்தைச் சொன்னேன். சட்டைப்பையில் இருந்த விசிலைக் காட்டச் சொன்னார். பிறகு கேட்டார்: "இதை ஊதாம, வாயால பாடிக் காட்டுவீங்களா?" நான் ஸ்வரம் பாடினேன். அவர் சிரிக்கவில்லை, கவனமாகக் கேட்டார். "உங்களுக்குப் பாட வருது. அப்ப காகிதத்தைத் தூரப் போட்டுட்டு, இங்க வாசிக்கிறத பாடற அளவுக்குக் கேளுங்க. பாட முடியாதது விரல்ல வராது." சிறுவயதில் என் பாட்டு டீச்சர் வயலின் கற்க வந்த பிள்ளைகளுக்குச் சொன்ன அதே வார்த்தை. அனுமதி கேட்டு அன்றைய செஷனைப் போனில் பதிவு செய்துகொண்டேன். அந்தப் பதிவுதான் இன்றுவரை என் பாடப்புத்தகம்.

அவர் இன்னொன்றும் சொன்னார், அது கடினமாக இருந்தது. நான் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகிறேனாம். ஸ்வரத்தை அசைத்து, வழுக்கிப் பாடும் கமகம் பழகிய தொண்டை, விரலுக்கும் அதையே சொல்லிக்கொடுத்திருக்கிறது. இந்த மெட்டுகளில் அழகு வேறு விதமாக வருகிறது. மேலே ஒரு விரலைக் கண் இமைக்கும் நேரம் தூக்கி வைப்பது 'கட்'. கீழே மூடாத துளையை ஒரு விரலால் தட்டி எடுப்பது 'டாப்'. நீண்ட ஸ்வரத்தின் நடுவில் முதலில் கட், பிறகு டாப் போட்டால் 'ரோல்'. கட் தனி ஸ்வரமாகக் கேட்கக் கூடாது. ஒரே ஸ்வரம் இரண்டாக வெட்டுப்பட்டதாகத்தான் கேட்க வேண்டும். கெஷ்ஷின் முதல் ஷட்ஜமே மூன்று அட்சரம், ரோல் போடவே வைத்த இடம். அந்த ஒரு ரோலுக்கு ஏழு வாரம். நோட்டில் ஏப்ரல் முழுவதும் "ரோல், ரோல், ரோல்" என்றுதான் இருக்கிறது.

வீட்டில் ஊதினால் பக்கத்து அறைக்காரருக்குத் தொந்தரவு. அதனால் பேகட் தெரு வழியே பத்து நிமிடம் நடந்து கிராண்ட் கால்வாய்க் கரைக்குப் போய்விடுவேன். ஒரு கவிஞரின் வெண்கலச் சிலை அங்கே பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருக்கும். சற்றுத் தள்ளி இன்னொரு பெஞ்சு எனக்கு. குளிரில் குழாய்க்குள் மூச்சின் ஈரம் கட்டிக்கொண்டு சத்தம் அடைத்துவிடும். ஊதுவாயின் மேலுள்ள வெட்டுத் திறப்பை விரலால் மூடி ஒரு ஊது ஊதினால் சரியாகும். குளிர்ந்த குழாய் சுருதியும் இறங்கியிருக்கும், ஊதும் முன் கைக்குள் வைத்துச் சூடாக்க வேண்டும்.

மூச்சு எங்கே எடுப்பது என்பதும் அந்தப் பெஞ்சில் கிடைத்த விடைதான். ஜிக்கில் இடைவெளியே இல்லை. பதிவை அரை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டபோது, அந்த விசில்காரர் நடுவில் ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டு அந்த இடத்தில் மூச்சு எடுப்பது தெரிந்தது. மற்ற வாத்தியங்கள் அதை நிரப்பிவிடுகின்றன. எந்த ஸ்வரத்தை விட்டால் மெட்டு குலையாது என்று தேர்ந்தெடுப்பதும் வாசிப்பில் ஒரு பகுதி.

கோடையில் கற்பவர்களுக்கான மெது செஷன் ஒன்றில் வாராவாரம் உட்கார்ந்தேன். செப்டம்பரில், ஊர் திரும்ப இரண்டு வாரம் இருக்கும்போது, கூட்டம் குறைவான ஒரு வார நாளில் ஓ'டொனஹூஸ் போனேன். அதே பெரியவர் இருந்தார். என்னைப் பார்த்ததும் பேஞ்ஜோக்காரரிடம் ஏதோ சொன்னார், அவர் ஒரு ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். இரண்டு மெட்டுத் தொகுப்புகளுக்கு விசிலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். தெரியாத மெட்டுக்கு வாசிக்காமல் இருப்பதுதான் அங்கே மரியாதை. மூன்றாவதை அவர் கெஷ்ஷில் தொடங்கினார். வழக்கத்தைவிட ஒரு பிடி மெதுவாக, அது எனக்காகத்தான்.

ஒரு ஜிக் இரண்டு பகுதி, பகுதிக்கு எட்டு எட்டு சந்தம் (நான் எழுதியதில் கோட்டுக்குக் கோடு ஒரு சந்தம்), ஒவ்வொரு பகுதியும் இரண்டு தடவை. முதல் சுற்றில் கை நடுங்கியது. இரண்டாம் சுற்றில் என் விசில் எனக்கே தனியாகக் கேட்கவில்லை. ஃபிடிலுக்குள் போய்விட்டிருந்தது. பயந்துபோய் நிறுத்தப் பார்த்தேன், பிறகு புரிந்தது, சுருதியும் லயமும் சேர்ந்துவிட்டால் அப்படித்தான் கேட்கும். மூன்றாம் சுற்று முடியும்போது அவர் தலையை நிமிர்த்தினார், எல்லோரும் அடுத்த மெட்டுக்குத் தாவினார்கள். அது எனக்குத் தெரியாது. விசிலை மடியில் வைத்தேன். யாரும் கைதட்டவில்லை, எதுவும் சொல்லவில்லை. பேஞ்ஜோக்காரர் மட்டும் வாசித்துக்கொண்டே ஒரு தலையசைப்பு.

இப்போது கோயம்புத்தூர். வட்டம் இல்லை, பதிவு மட்டும்தான். மார்ச்சில் ஒரு புதுச் சிக்கல்: பதிவோடு சேர்ந்து ஊதினால் சுருதி சேரவில்லை, என் விசில் மேலே நிற்கிறது. காரணம் வெயில். காற்றுச் சூடானால் குழாயின் சுருதி ஏறும். டப்ளின் குளிரில் கீழே இழுத்தது, இங்கே மேலே தள்ளுகிறது. ஊதுவாய் குழாயில் பசையால் ஒட்டியிருந்தது. வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கிப் பிடித்துத் திருகினேன், கழன்றது. இரண்டு மில்லிமீட்டர் வெளியே இழுத்து வைத்ததும் சேர்ந்துவிட்டது.

பதிவின் வேகம் சுமார் 112. நான் 96. மேல் காந்தாரத்துக்கு ஊதும் பலத்தைக் கூட்டவே வேண்டும், தயங்கினால் அது கிறீச்சிடுகிறது. அதற்கு இந்த வாரம் தனியாகப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். நேற்று பதிவை நிறுத்தாமல் ஓடவிட்டேன். கெஷ் முடிந்து அவர்கள் தாவுகிறார்கள், குவளைகள் மோதும் சத்தம், யாரோ கதவைத் திறக்கும் சத்தம், அதற்குள் அடுத்த மெட்டு. அதன் பெயரை நான் யாரிடமும் கேட்கவில்லை. விசிலை எடுக்காமல், முதல் நான்கு சந்தத்தை வாயால் பாடிப் பார்த்தேன். மூன்று வந்துவிட்டது.