அப்பாவின் கருப்புப் பூஞ்சைச் சிகிச்சையும் லிப்போசோமல் மருந்தும்

2021 மே மாதம், கொரோனாவிலிருந்து தேறிவந்த அப்பாவுக்கு ஒரு பக்கக் கன்னம் வீங்கி மரத்துப்போனது. மூக்கிலிருந்து எடுத்த திசுவைப் பரிசோதித்து, மியூகார்மைகோசிஸ், அதாவது கருப்புப் பூஞ்சை என்று உறுதிசெய்தார்கள். சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டும் அவருடைய ரத்தக் கிரியாட்டினின் அளவு ஏற்கெனவே சற்று கூடுதலாக இருந்ததால், பூஞ்சைக்கொல்லி மருந்தான ஆம்ஃபோடெரிசினின் பழைய வகை வேண்டாம், லிப்போசோமல் வகைதான் வேண்டும் என்றார் மருத்துவர்.

இரண்டிலும் மருந்து ஒன்றே. பூஞ்சையின் செல் சவ்விலுள்ள எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்புப் பொருளைப் பற்றிக்கொண்டு சவ்வைத் துளையிடும் அம்மருந்து, நம் செல்களின் கொலஸ்ட்ராலையும் ஓரளவு பற்றுவதால்தான் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. லிப்போசோமல் வகையில் அது 100 நானோமீட்டருக்கும் சிறிய கொழுப்புக் கோளங்களின் சுவரில் பதிந்திருக்கும். அவை பெரும்பாலும் உடையாமல் ரத்தத்தில் சுற்றிவந்து, பூஞ்சையின் செல்சுவரில் ஒட்டிய பின்பே மருந்தை விடுவிக்கும்.

அப்பாவின் எடை 60 கிலோ. கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம், அதாவது 50 மில்லிகிராம் குப்பிகள் ஆறு. நாடெங்கும் தட்டுப்பாடு நிலவியதால் கடைகளில் கிடைக்கவில்லை. மருத்துவமனையின் கோரிக்கையின் பேரில் வரும் ஒதுக்கீட்டுக்காகவே காத்திருந்தோம். ஜூன் 12 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் இம்மருந்துக்கான வரியை நீக்கியது நல்லதுதான். ஆனால் எங்களுக்கு அப்போது விலையைவிடக் கிடைப்பதே பெரும்பாடு.

மருந்தைக் கலப்பதே தனி வேலை. ஒவ்வொரு குப்பியிலும் 12 மில்லிலிட்டர் ஊசிநீரைச் செலுத்தி, மஞ்சள் தூள் கட்டியின்றிக் கரையும்வரை செவிலியர் அரை நிமிடம் வேகமாகக் குலுக்குவார். பிறகு வடிகட்டி வழியாக 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலில் சேர்ப்பார். சலைன் எனும் உப்புக் கரைசல் பட்டால் மருந்து திரிந்துவிடும் என்பதால், ஊசிக்குழாயையும் முதலில் டெக்ஸ்ட்ரோஸாலேயே கழுவுவார்.

மருந்து எவ்வளவு நுட்பமானதாயினும் அறுவைச் சிகிச்சையைத் தவிர்க்க முடியவில்லை. இப்பூஞ்சை ரத்தக்குழாய்களை அடைத்துத் திசுவைச் சாகடிப்பதால், ரத்தம் போகாத இடத்துக்கு நானோ கோளமும் போகாது. எண்டோஸ்கோப் மூலம் கருத்த திசுவைச் சுரண்டி அகற்றிய பிறகே வீக்கம் வடியத் தொடங்கியது. கிரியாட்டினின் பெரிதாக ஏறவில்லை. பொட்டாசியம் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்ததால், அதற்கான சிரப்பை அப்பா முகஞ்சுளித்தபடி குடித்துவந்தார். பின்னர் போசகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரைக்கு மாற்றி, சாப்பாட்டோடு தவறாமல் எடுத்துக்கொள்ளச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.