காய்ச்சலோடு நெஞ்சைத் திறக்கலாமா?

போன வருடம் என் மாமாவுக்கு மூன்று வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல். டைபாய்டாக இருக்கும் என்று பக்கத்து கிளினிக்கில் ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு ரத்தத்தை அனுப்பாமலே. சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து அவருக்கு இதயத்தில் மைட்ரல் என்ற வால்வு பழுதாகியிருந்தது, அதை நாங்களும் சொல்லவில்லை. இதை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். வால்வின் நுனியில் கிழிந்த துணி மாதிரி ஒன்று, ஒவ்வொரு துடிப்புக்கும் அங்கும் இங்கும் அடித்துக்கொண்டிருந்தது. இதய வால்வில் கிருமித் தொற்று (எண்டோகார்டைடிஸ்), அது கிருமியும் ரத்த உறைவும் சேர்ந்த திரட்டு, வெஜிடேஷன் என்றார்கள். 14 மில்லிமீட்டர். வால்விலும் கடுமையான கசிவு. நாளைக்கே வால்வை மாற்றும் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்றார் சர்ஜன்.

"காய்ச்சலோட எப்படி சார் நெஞ்சைத் திறப்பீங்க?" என்று அத்தை கேட்டார். எங்கள் எல்லோருக்கும் அதே கேள்விதான். ஆறு வாரம் மருந்து ஏறட்டும், கிருமி சாகட்டும், உடம்பு தேறட்டும், அப்புறம் செய்தால் என்ன?

சர்ஜன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். அந்தத் திரட்டில் ஒரு துணுக்கு பிய்ந்தால் மூளைக்குப் போகலாம், மண்ணீரலுக்குப் போகலாம், அந்த ஆபத்து மருந்து தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில்தான் அதிகம், பிறகுதான் குறையும். அதாவது பொறுத்துப் பார்க்கலாம் என்று நாங்கள் நினைத்த நாட்கள்தான் பயப்பட வேண்டிய நாட்கள். புது வால்விலும் கிருமி ஒட்டலாம் என்பது உண்மைதான், ஆனால் மாமாவுக்குக் காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து என்றார்.

அன்று ராத்திரி தேடிப் படித்தேன். 2012இல் தென்கொரிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு. மாமாவைப் போலவே 10 மில்லிமீட்டருக்கு மேல் திரட்டும் மோசமான வால்வும் இருந்த 76 பேர். 37 பேருக்கு 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன், மற்ற 39 பேருக்கு வழக்கமான சிகிச்சை. ஆறு வாரத்தில் முதல் குழுவில் ஒருவருக்கும் துணுக்கு போய் அடைக்கவில்லை, இரண்டாவதில் 8 பேருக்கு அடைத்தது. ஆறு மாத இறப்புக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த 39 பேரில் 30 பேருக்கு எப்படியும் பிற்பாடு ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கிறது!

எல்லோருக்கும் இதே கணக்கு கிடையாது. மூச்சு வாங்கி நுரையீரலில் நீர் கோர்த்தால் இன்னும் அவசரம். மூளையில் ரத்தம் கசிந்திருந்தால் மட்டும், முடிந்தவரை ஒரு மாதமாவது தள்ளிப்போடப் பார்ப்பார்கள், ஏனென்றால் ஆபரேஷனின்போது இதயத்தின் வேலையைச் செய்யும் ஹார்ட்-லங் மெஷினில் போட ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்தாக வேண்டும், அது மூளைக் கசிவை மோசமாக்கலாம்.

மறுநாள் காலை மாமாவை உள்ளே கொண்டு போனார்கள். எடுத்த வால்வு லேபுக்குப் போனது. அதில் கிருமி வளர்ந்தால் மருந்துக் கணக்கு ஆபரேஷன் நாளிலிருந்து மறுபடி தொடங்குமாம். வளரவில்லை. அத்தை காலண்டரில் முதல் ஊசி போட்ட நாளை வட்டமிட்டு, அங்கிருந்து ஆறு வாரம் எண்ணினார்.