பொட்டுகளை நீக்கப் போய் எழுத்தை இழந்தேன்

பாட்டியின் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை ஸ்கேன் செய்தபோது, முகம் முழுவதும் வெள்ளைப் பொட்டுகள் தெறித்திருந்தன. ஓரத்தில் மெல்லிய பேனாவால் அவரே எழுதிய பெயர். முகம் தெளிய வேண்டும். அந்தக் கையெழுத்து அழியவே கூடாது.

பைத்தான் நிரல்மொழியில் ஓப்பன்சிவி என்ற படச் செயலாக்க நூலகத்தை ஏற்றி, முதலில் ஒவ்வொரு புள்ளியையும் அதன் அண்டைப் புள்ளிகளோடு கலக்கும் காஸியன் மங்கலாக்கலை 5×5 சாளரத்தில், அதாவது 25 புள்ளிகள் கொண்ட கட்டத்தில், ஓட்டினேன். பொட்டுகள் மறையவில்லை, வெளிறிய திட்டுகளாகப் பரவின. ஏன் என்று அறிய ஒரு பொட்டையும் அதைச் சுற்றியிருந்த எட்டையும் சேர்த்து ஒன்பது பிக்சல்களின் (படப் புள்ளிகளின்) வெளிச்ச மதிப்புகளை (0 கறுப்பு, 255 வெள்ளை) அச்சிட்டேன்: 118, 120, 121, 119, 255, 122, 120, 117, 121. இவற்றின் சராசரி ஏறத்தாழ 135. ஒரே ஒரு பொய்யான 255 எல்லாவற்றையும் மேலே இழுத்துவிடுகிறது. காஸியனும் எடையிட்ட சராசரிதானே! அதே எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 120. மீடியன் வடிகட்டி செய்வது இதைத்தான். 3×3 அளவில் ஓட்டினேன். முகம் பளிச்சென்று வந்துவிட்டது.

ஆனால் பெயர் சிதைந்திருந்தது. ஒரு பிக்சல் அகலமுள்ள கோடு, 3×3 சாளரத்தில் ஒன்பதுக்கு மூன்று இடங்களைத்தான் பிடிக்கும். சிறுபான்மை என்பதால் மீடியன் அதையும் இரைச்சலாகவே கருதுகிறது.

பொட்டு வெள்ளை, மை கறுப்பு. ஆகவே மீடியன் படத்தைவிட 40க்கு மேல் வெளிச்சமான பிக்சல்களை மட்டும் மாற்றினால் போதும் என்று தோன்றியது. மூலத்திலிருந்து மீடியனைக் கழித்தேன். எழுத்து மறுபடியும் போயிற்று! அரை நாள் தேடிய பிறகே பிழை பிடிபட்டது. படம் பயன்படுத்தும் குறியற்ற எட்டு பிட் எண்ணில் (0 முதல் 255 வரை) எதிர்மறை மதிப்புக்கு இடமில்லை. மையின் 60இலிருந்து மீடியனின் 200ஐக் கழித்தால், பைத்தானின் எண் நூலகமான நம்பை அதை 116 என்று சுற்றிக் கொடுக்கிறது; அது 40ஐத் தாண்டுவதால் மையும் பொட்டாகிவிடுகிறது. ஓப்பன்சிவியின் சப்ட்ராக்ட் என்ற கழித்தல் கட்டளை அதைப் பூஜ்யத்திலேயே நிறுத்துகிறது. அதற்கு மாறியதும் கையெழுத்து முழுதாக நின்றது.

எந்த வடிகட்டியை ஓட்டினாலும் நீக்கப்பட்ட பகுதியைத் தனிப் படமாக்கிப் பார்ப்பது இப்போது என் வழக்கம். அப்படிப் பார்த்தபோதுதான், பாட்டியின் இரு கண்மணிகளிலும் இருந்த சிறு ஒளிப்புள்ளிகள் நீக்கப்பட்டவற்றோடு கிடந்தன. கண்களைச் சுற்றி இரண்டு சிறு கட்டங்களை விலக்கிவிட்டு மீண்டும் ஓட்டினேன். பார்வை திரும்பியது.