நல்லெண்ணெய் நிறத்தில் ஒரு சீரம்

கோரிப்பாளையத்தில் ஒரு லேபில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற சென்ட்ரிஃப்யூஜ் நின்றதும் ட்யூபைத் தூக்கி, மேலே தெளிந்து நிற்கும் நீரை, அதாவது சீரத்தை, வெளிச்சத்தில் பார்ப்பது பழக்கம். அன்றைக்கு ஒரு ட்யூபில் சீரம் நல்லெண்ணெய் நிறத்தில் நின்றது. மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவருடையது. சீட்டில் ‘காமாலை’ என்று மட்டும் எழுதியிருந்தது.

ஈரல் கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற எஸ்.ஜி.பி.டி., 40க்குள் இருக்க வேண்டியது, 780. காமாலையில் மஞ்சள் நிறம் தருகிற பிலிரூபின், ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது, 6. தண்ணீரால் வந்த காமாலை என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன். அப்புறம் ஸ்லைடில் வெள்ளையணுக்களை எண்ணும்போது ஈசினோஃபில் 14 சதவீதம் வந்தது. ஒவ்வாமையில் ஏறுகிற அணு அது. வெளியே போய்க் கேட்டேன்.

“ஐயா, வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?”

“ஒண்ணுமில்ல தம்பி.”

அவர் மனைவிதான் மஞ்சப்பையிலிருந்து அட்டையை எடுத்தார். இமாட்டினிப், 400 மி.கி. ரத்தப் புற்றுக்கு ஏழு வாரமாகச் சாப்பிடுகிறார். பத்து நாளாக உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு. கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ‘ஒரு நாள்கூட விடக் கூடாது’ என்று சொல்லியிருந்ததால் மாத்திரையையும் விடவில்லை. அந்த ஒழுங்கை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

2013ல் உச்ச நீதிமன்றம் காப்புரிமை மறுத்த அதே மருந்துதான். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றைத் தினமும் ஒரு மாத்திரையால் அடக்கி வைப்பது. அதைக் குறை சொல்ல மனசு வராது. பாராசிட்டமால் அளவுக்கு மீறினால் யார் ஈரலும் கெடும். இது வேறு கதை. சரியான அளவில் சாப்பிட்டாலும், எப்போதோ ஒருவருக்கு, மருந்து ஒட்டிய ஈரல் செல்லை உடம்பே அந்நியன் என்று நினைத்துத் தாக்கும். ஈசினோஃபிலை மட்டும் வைத்து அடித்துச் சொல்லவும் முடியாது, அந்தப் புற்றிலேயே அது ஏறும். ஆனால் இவருடைய வெள்ளையணுக்கள் ஏற்கெனவே அடங்கியிருந்தன, அதனால் புற்றின் மேல் பழி போட முடியவில்லை.

நோயைச் சொல்வது என் வேலை இல்லை. எங்கள் லேப் டாக்டரிடம் சொன்னேன், அவர் புற்றுநோய் டாக்டருக்குப் போன் போட்டார். மருந்தால் எஸ்.ஜி.பி.டி. இருக்க வேண்டிய அளவைப் போல் மூன்று மடங்கையும் பிலிரூபின் இரண்டு மடங்கையும் தாண்டினால், பத்துப் பேரில் ஒருவராவது இறந்துபோகலாம் என்று ஒரு கணக்கு உண்டு. இவர் இரண்டையும் எப்போதோ தாண்டியிருந்தார்.

மாத்திரையை அன்றே நிறுத்தினார்கள். வைரஸ் சோதனைகளில் எதுவும் இல்லை. வாராவாரம் சாம்பிள் வந்தது, எஸ்.ஜி.பி.டி. இறங்கியது: 410, 160, 62. பிறகு அதே புற்றுக்கான வேறு மாத்திரையான டாசாட்டினிப்புக்கு மாற்றினார்கள்.

எங்கள் சீட்டில் ‘சாப்பிடும் மருந்துகள்’ என்று ஒரு கட்டம் போடச் சொன்னேன். அடுத்த தடவை அச்சடிக்கும்போது பார்ப்போம் என்றார்கள். பழைய கட்டு இன்னும் தீரவில்லை. சீட்டின் ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.