28 பாயின்ட் என்றால், எந்த 28?

ஆடம் மாரிசன் 28.1. ஸ்டீஃபன் கர்ரி 28.6. ஜிம்மர் ஃப்ரெடெட் 28.9.

மூவரும் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஆடிய கடைசிப் பருவத்தில் ஓர் ஆட்டத்துக்கு எடுத்த பாயின்ட் சராசரி இது. தொழில்முறை லீகான என்.பி.ஏ.வின் அணிகள் முறை வைத்துப் புது ஆட்களை எடுப்பதுதான் டிராஃப்ட். மாரிசனை 2006 டிராஃப்டில் மூன்றாவதாகவும், கர்ரியை 2009-இல் ஏழாவதாகவும், ஃப்ரெடெட்டை 2011-இல் பத்தாவதாகவும் எடுத்தார்கள். கர்ரி ஆட்டத்தின் போக்கையே மாற்றினார். மற்ற இருவரும் சில வருடங்களில் காணாமல் போனார்கள். டிவியில் பெரிய எழுத்தில் ஓடும் அந்த எண் இவர்களைப் பிரித்துக் காட்டவே இல்லை. பக்கத்தில் சின்ன எழுத்தில் கிடந்தவை காட்டின. அசிஸ்ட் (கூட்டாளி பாயின்ட் எடுக்கக் கொடுத்த பாஸ்): மாரிசன் 1.7, ஃப்ரெடெட் 4.3, கர்ரி 5.6. ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது): ஃப்ரெடெட் 1.3, கர்ரி 2.5. போதாததற்கு, கர்ரி முதலாம் ஆண்டிலேயே 21.5 எடுத்தவர்.

மூன்று பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. எங்கே தேட வேண்டும் என்பது மட்டும் புரியும். ஜூன் கடைசியில், நம்மூரில் பால் பாக்கெட் வரும் விடிகாலை 5:30 மணிக்கு டிராஃப்ட் தொடங்கும். அதற்குள் ஒரு ஷீட்டைத் திறந்து நீங்களே ஆட்களை வரிசைப்படுத்திப் பார்க்க நினைத்தால், ஸ்போர்ட்ஸ் ரெஃபரன்ஸ், பார்ட் டோர்விக் ஆகிய இரண்டு தளங்களும் போதும்.

முதல் வேலை, 'ஆட்டத்துக்கு இத்தனை' என்ற கணக்கை மூட்டை கட்டி வைப்பது. கல்லூரி ஆட்டங்களை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வில் ஆட்டம் 40 நிமிடம், ஷாட் கிளாக் (ஷாட் எறிந்தாக வேண்டிய கெடு) 30 விநாடி. என்.பி.ஏ.வில் 48 நிமிடம், 24 விநாடி. கல்லூரிக்குக் கல்லூரி ஆட்டத்தின் வேகமும் மாறும். அதனால் எல்லாவற்றையும் பொசஷன் (பந்து ஓர் அணியின் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும்) கணக்குக்குக் கொண்டுவர வேண்டும். அணியின் ஷாட் முயற்சியிலிருந்து அட்டாக்கிங் ரீபவுண்டை (தன் அணி தவறவிட்ட ஷாட்டைத் தானே மீண்டும் பிடிப்பது) கழித்து, டர்ன்ஓவரை (ஷாட் எறியாமலே பந்தை இழப்பது) கூட்டி, ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லாத எறி) முயற்சியை 0.475-ஆல் பெருக்கி அதையும் கூட்டினால் பொசஷன் கிடைக்கும். 58 ஷாட், 9 அட்டாக்கிங் ரீபவுண்ட், 12 டர்ன்ஓவர், 20 ஃப்ரீ த்ரோ என்றால் 70.5. (என்.பி.ஏ.வுக்கு 0.44 போடுவது வழக்கம்.)

இது ஏன் முக்கியம் என்பதற்கு மால்கம் பிராக்டன் போதும். டோனி பென்னட் பயிற்சியளித்த வர்ஜீனியா, ஆட்டத்துக்குச் சுமார் 60 பொசஷன் மட்டுமே ஆடிய ஆமை வேக அணி. அதில் பிராக்டன் கடைசி ஆண்டில் எடுத்தது 18.2. அதையே 70 பொசஷனுக்கு நீட்டினால் 21-ஐத் தாண்டும். 2016-இல் 36-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். அடுத்த வருடம் சிறந்த புதுமுக விருது அவருக்கே.

அடுத்தது சிக்கனம். பாயின்டை, ஷாட் முயற்சியோடு 0.475 மடங்கு ஃப்ரீ த்ரோ முயற்சியைக் கூட்டி வரும் தொகையின் இரட்டிப்பால் வகுக்க வேண்டும். 15 ஷாட், 6 ஃப்ரீ த்ரோவில் 20 பாயின்ட் எடுத்தவர் 56.0 சதவீதம். 19 ஷாட், 3 ஃப்ரீ த்ரோவில் அதே 20 எடுத்தவர் 49.0 சதவீதம். பத்திரிகைச் செய்தியில் இருவரும் '20 பாயின்ட் நாயகர்'தான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கல்லூரியில் அணியின் தாக்குதலில் 30 சதவீதத்தைத் தன் கையால் முடிப்பவர், என்.பி.ஏ.வுக்குப் போனதும் 16, 17 சதவீதத்துக்குக்கூட இறங்கலாம். பந்து வேறொருவர் கையில் இருக்கும்போது அவரால் என்ன முடியும்? அடித்த த்ரீ பாயின்டர்களில் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று பாயின்ட் ஷாட்) எத்தனை சதவீதம் அசிஸ்டில் வந்தவை என்று பாருங்கள். பந்தைத் தட்டிக்கொண்டே போய்த் தானே உருவாக்கிக்கொண்ட ஷாட்தான் பெரும்பங்கு என்றால், நின்ற இடத்தில் பாஸ் வாங்கி எறியும் வேலைக்கு அவர் தயாரா என்பதற்கு அந்தப் புள்ளிவிவரத்தில் சான்று குறைவு என்று பொருள்.

இனி ஃப்ரீ த்ரோ. கல்லூரி எண்களில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

ஒரு பருவத்தில் 35 ஆட்டம், ஆட்டத்துக்கு 5 த்ரீ பாயின்டர் என்றால் 175 முயற்சி. உண்மையான திறமை 36 சதவீதம் உள்ளவருக்கு, 175 முயற்சியில் அதிர்ஷ்டத்தால் மட்டுமே வரும் ஏற்ற இறக்கம் கூடவோ குறையவோ 3.6 புள்ளி. அதாவது அதே ஆள் ஒரு வருடம் 32 காட்டலாம், அடுத்த வருடம் 40 காட்டலாம், கை மாறியிருக்காது. ஆட்டக்காரர்களுக்கிடையே இருக்கும் மொத்த வித்தியாசமே பெரும்பாலும் 30-க்கும் 42-க்கும் நடுவில்தான். ஃப்ரீ த்ரோவில் அந்த இடைவெளி 55-லிருந்து 90 வரை விரிகிறது. எதிரில் கை நீட்டி மறைக்க ஆளில்லை. 15 அடி தூரம் எந்த லீகிலும் மாறாது. அதனால் குறைந்த முயற்சியிலேயே கையின் தரம் தெரிந்துவிடும்.

2014-15 கென்டக்கி அணியை எடுத்துக்கொள்ளுங்கள். கார்ல்-ஆந்தனி டவுன்ஸ் அந்தப் பருவம் முழுக்க எறிந்த த்ரீ பாயின்டர் எட்டு, விழுந்தது இரண்டு. ஃப்ரீ த்ரோ மட்டும் 81.3 சதவீதம். 2022-இல் என்.பி.ஏ. த்ரீ பாயின்ட் போட்டியை வென்றவர் அவர். மறுபக்கம் 2017 டிராஃப்டின் முதல் இரண்டு பேர்: மார்கெல் ஃபுல்ட்ஸ் த்ரீயில் 41.3, ஃப்ரீ த்ரோவில் 64.9, லான்சோ பால் த்ரீயில் 41.2, ஃப்ரீ த்ரோவில் 67.3. பால் முதல் வருடம் என்.பி.ஏ.வில் 30.5-க்கு விழுந்தார். ஃபுல்ட்ஸின் ஷாட்டே குலைந்தது. அதில் தோள்பக்க நரம்புச் சிக்கலுக்கும் பங்குண்டு; ஃப்ரீ த்ரோ எண் அதை முன்கூட்டிச் சொன்னது என்று பெருமையடிப்பது நேர்மையல்ல. பால் பிற்பாடு எறியும் முறையையே மாற்றி 2021-22-இல் 42.3 சதவீதம் வரை போனார். ஆக ஃப்ரீ த்ரோ சொல்வது இன்றைய கையின் நிலை, ஜாதகம் அல்ல.

த்ரீயின் சதவீதத்தைவிட எத்தனை எறிந்தார் என்பதும் நல்ல தடயம். எறியத் துணிவதும், பயிற்சியாளர் தடுக்காமல் விடுவதும் ஒருவகைச் சான்றிதழ்தான்.

ஷீட்டில் த்ரீ சதவீதத்தை அப்படியே போடாதீர்கள். சராசரியை நோக்கி இழுத்துப் போடுங்கள். 160 முயற்சியில் 70 என்றால் 43.75 சதவீதம். அதோடு சராசரி 34 சதவீதத்தில் 200 கற்பனை முயற்சிகளைச் சேர்த்தால் 360-க்கு 138, அதாவது 38.3. அந்த 200 வேதவாக்கு அல்ல. 150 போட்டாலும் 250 போட்டாலும் வரிசை பெரிதாக மாறாது. மாரிசன் கடைசி வருடம் 42.8 காட்டினார், அதற்கு முந்தைய இரண்டு வருடங்களும் 31-ஐ ஒட்டியே. இழுத்துப் பார்த்திருந்தால் மூன்று வருடமும் சேர்ந்து வேறு கதை சொல்லியிருக்கும். என்.பி.ஏ.வில் அவர் முடித்தது 33.

ஸ்டீல், பிளாக் (எதிராளி எறியும் ஷாட்டைத் தட்டிவிடுவது), ரீபவுண்ட் மூன்றும் மேலே போனாலும் ஓரளவு கூடவே வரும். கை வேகம், எதிர்பார்ப்பு, குதிக்கும் நேரம் ஆகியவை எதிரணியைப் பொறுத்து அவ்வளவாகக் கரைவதில்லை. கணக்கு எளிது: 40-க்கு 30 நிமிடம் ஆடியவர், எதிரணியின் 70 பொசஷனில் 52.5-க்குக் கோர்ட்டில் இருந்திருப்பார். 1.5 ஸ்டீல் என்றால் 2.9 சதவீதம். கார்டு இடத்தில் ஆடுபவருக்கு (பந்தை நடத்திச் செல்பவர்) இது நல்ல எண். ஆனால் அணி ஸோன் டிஃபன்ஸ் (ஆளுக்குப் பதில் இடத்தைக் காப்பது) ஆடுகிறதா, முழுக் கோர்ட் பிரஸ் (கோர்ட் முழுக்க நெருக்கித் தடுப்பது) போடுகிறதா என்று பார்க்காமல் நம்பக் கூடாது. ஸோனில் நிற்கும் நீளக் கைக்காரருக்கு பாஸ் தானாக வந்து விழும். இந்த எச்சரிக்கையை மீறிப் பலித்தவரும் உண்டு. மட்டீஸ் தைபுல், வாஷிங்டன் அணியின் ஸோனில் கடைசி வருடம் ஆட்டத்துக்கு 3.5 ஸ்டீல், 2.3 பிளாக். 'ஸோன் உபயம்' என்று பலர் ஒதுக்கியதில் 20-வது இடம் வரை நழுவினார். 2021, 2022 இரண்டிலும் என்.பி.ஏ.வின் சிறந்த டிஃபன்ஸ் ஆட்டக்காரர்கள் அணியில் இடம் பிடித்தார். எண் ஸோனுக்குக்கூடப் பெரிதென்றால், ஸோன் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

அசிஸ்டைப் பொசிஷனோடு வைத்துப் பாருங்கள். கார்டு 4 அசிஸ்ட் கொடுப்பது சாதாரணம். டிரேமண்ட் கிரீன், மிச்சிகன் ஸ்டேட்டில் 10.6 ரீபவுண்ட் எடுத்துக்கொண்டே 3.8 அசிஸ்ட் கொடுத்த பெரிய ஆள், அது அபூர்வம். 2012-இல் அவர் போனது 35-வது.

வயது தனி நெடுவரிசை. எத்தனையாவது ஆண்டு மாணவர் என்று போடாமல், டிராஃப்ட் தினத்தன்று எத்தனை வயது என்று தசமத்தில் போடுங்கள். 18.7 வயதுக்காரரும் 22.5 வயதுக்காரரும் ஒரே எண்ணைக் காட்டினால் அது ஒரே எண் அல்ல. 22 வயதுக்காரர் பள்ளியிலிருந்து வந்த பையன்களோடு ஆடிக்கொண்டிருக்கிறார். நான்கு வருடம் ஆடியவருக்கு முதலாம் ஆண்டு எண்ணையும் எடுத்து வையுங்கள். பட்டி ஹீல்ட் கடைசி வருடம் 25.0, முதல் வருடம் 7.8.

எதிரணி பலம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டோர்விக் தளத்தில் வலுவான அணிகளுக்கு எதிரான ஆட்டங்களை மட்டும் வடிகட்டலாம். வடிகட்டியபின் எட்டு ஆட்டம்தான் மிஞ்சுகிறது என்றால் அதை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். சின்ன லீகில் ஆடினார் என்பதே குற்றமும் அல்ல. என்.பி.ஏ. நட்சத்திரம் டேமியன் லில்லர்ட், வீபர் ஸ்டேட் என்ற சின்ன லீக் கல்லூரியிலிருந்து வந்தவர். (டி.என்.பி.எல். எண்ணைப் பார்த்து ஐ.பி.எல். ஏலத்தில் கை தூக்குபவர்களுக்கும் இதே தலைவலிதான்.)

எண் மௌனமாக இருக்கும் இடமும் உண்டு. டவுன்ஸ் ஆடிய அதே கென்டக்கியில் டெவின் புக்கர் பெஞ்சிலிருந்து இறங்கி 21 நிமிடத்தில் 10.0 பாயின்ட் எடுத்தார். அணி நிறைய நட்சத்திரங்கள்; தன் முழு ஆட்டத்தைக் காட்ட அவருக்கு இடமே கிடைக்கவில்லை. 18 வயது, ஃப்ரீ த்ரோ 82.8, த்ரீ 41.1 என்பதுவரை ஷீட் சொல்லும். இவர் ஒரே ஆட்டத்தில் 70 அடிப்பார் என்று எந்த ஷீட்டும் சொல்லியிருக்காது.

இதையெல்லாம் ரிக்ரஷனில் (எண்களுக்கிடையே உள்ள தொடர்பை அளக்கும் கணக்கு) போட்டு மாடல் கட்டுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில. டிராஃப்டில் எடுக்கப்பட்டவர்களை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு 'கல்லூரி எண்ணுக்கும் என்.பி.ஏ. ஆட்டத்துக்கும் தொடர்பே இல்லை' என்பார்கள். கிண்டி பொறியியல் கல்லூரியில் ஒரு வகுப்பை எடுத்தால் பெரும்பாலோருக்குக் கட்ஆஃப் 200-ஐ ஒட்டியே இருக்கும். அதற்குள் யார் செமஸ்டரில் முந்துவார் என்று கட்ஆஃப் சொல்லாது. அதனால் பிளஸ் டூ மார்க் வீண் என்று ஆகிவிடுமா? வடிகட்டியபின் மிச்சமிருப்பதில் வித்தியாசம் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். எடுக்கப்படாதவர்களையும், எடுத்தும் ஒரு நிமிடம்கூட ஆடாதவர்களையும் பூஜ்யம் போட்டாவது சேர்க்க வேண்டும். டிராஃப்ட் இடத்தை உள்ளீடாகக் கொடுத்தால் மாடல் உங்கள் வேலையைச் செய்யாது, அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்களைக் காப்பியடிக்கும். சோதனைக்குத் தரவைக் குலுக்கிப் பிரிக்காமல் ஒரு வருடத்தை முழுசாக ஒதுக்குங்கள். 2019-20-இல் கல்லூரி த்ரீ பாயின்ட் கோடு 6.75 மீட்டருக்குத் தள்ளப்பட்டது. அதற்கு முந்தைய சதவீதங்கள் வேறு கோட்டிலிருந்து வந்தவை. 2021 ஜூலைக்குப் பிறகு கல்லூரியிலேயே விளம்பரப் பணம் வாங்கலாம் என்றாகி, பலர் கூடுதல் வருடம் தங்குகிறார்கள். பழைய வயதுக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்த முடியாது.

அந்த 6.75 மீட்டர் நம்மூருக்குப் பழக்கமான தூரம். உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் கோடு அதுதான். நேரு விளையாட்டரங்கிலும் கல்லூரி கோர்ட்டுகளிலும் வரைந்திருப்பது அதுவே. சென்னையில் கல்லூரி அணிக்கு ஆள் எடுப்பவர்கள் இந்த முறையைப் பயன்படுத்தத் தடை தூரமல்ல, தரவு. ஃபிபா ஸ்கோர் ஷீட்டில் முக்கியமாகப் பாயின்டும் ஃபவுலும்தான் ஏறும். தவறவிட்ட ஷாட் கூட அதில் இல்லை. பெவிலியனில் இரண்டு ஜூனியர்களை உட்காரவைத்தால் தீரும். ஒருவர் அரைக் கோர்ட் படம் அச்சடித்த தாளில் ஷாட்டுகளை மட்டும் குறிக்கட்டும்: எறிந்தவரின் சட்டை எண், விழுந்ததா, இல்லையா. இன்னொருவர் ரீபவுண்ட், டர்ன்ஓவர், ஸ்டீல், ஆள் மாற்றிய நேரம். இரு பக்க ரீபவுண்டையும் தனித்தனியே குறிக்காவிட்டால் பொசஷன் கணக்கு வராது. அசிஸ்டை விட்டுவிடலாம், யார் குறிக்கிறாரோ அவருடைய தாராள மனசைப் பொறுத்து அது மாறும்.

ஒரு டோர்னமென்டில் ஓர் ஆளுக்கு 15 ஃப்ரீ த்ரோ கிடைத்தால் பெரிது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பயிற்சியில் எண்ணுங்கள். ஆனால் ஒரே மூச்சில் 100 எறியவிட்டால் கை பழகி எண் ஏறிவிடும். ஓட்டத்துக்கு நடுவே, மூச்சு வாங்கும்போது, இரண்டிரண்டாக எறியவிட்டு நான்கு வாரத்தில் 200 சேருங்கள்.