கரண்டியில் நிற்கும் கஞ்சி

மகளுக்குப் போன வாரம் 6 மாதம் நிறைந்தது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுச் சமையலறையில், அவளுடைய முதல் கஞ்சியை நானும் அத்தையும் சேர்ந்து காய்ச்சினோம். மூத்தவனுக்கு நான் செய்த தவறு இவளுக்கு நேரக்கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

மூத்தவனுக்குக் கஞ்சி தண்ணீராக இருந்தால்தான் தொண்டையில் இறங்கும் என்று அத்தை சொன்னதை நம்பி, அதைப் பால் புட்டியிலேயே ஊற்றிக் கொடுத்தேன். அவனும் வயிறு நிறையக் குடித்தான். ஆனால் 8ஆம் மாதம் கிளினிக்கில் எடை பார்த்தபோது வளர்ச்சிக் கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டது. இரத்தத்தில் இரும்புச்சத்தும் குறைந்திருந்தது. நான் பையில் கொண்டு போயிருந்த புட்டியை மிஸ்ஸி (தாதி) வாங்கி மேசைமேல் சிறிது நேரம் நிறுத்தி வைத்தார். அடியில் ஒரு விரல் உயரத்துக்குச் சோறு படிந்தது, மேலே முழுவதும் வெள்ளைத் தண்ணீர். "இதுல சாப்பாடு எங்கம்மா இருக்கு?" என்று அவர் கேட்டதை நான் இன்னும் மறக்கவில்லை.

அத்தையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடியுமுன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி, பால்மரம் (ரப்பர் மரம்) சீவி முடிக்கும்வரை பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டிருந்த காலத்தில், பல பிள்ளைகளுக்கு ஒரே ஆயா ஊட்டிய கஞ்சி அப்படித்தான் இருந்திருக்கும்.

குழந்தையின் வயிறு மிகச் சிறியது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர்தான் அது கொள்ளும் என்பதால், தண்ணீரை நிரப்பினால் சத்துக்கு இடம் இருக்காது. பிறக்கும்போது உடலில் சேர்ந்திருக்கும் இரும்புச்சத்தும் 6 மாத அளவில் தீர்ந்துவிடுகிறது. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் அரை மில்லிகிராம் இரும்புச்சத்துகூட இல்லை. ஆகவே தாய்ப்பாலை நிறுத்தாமல், அதோடு கெட்டியான, இரும்புச்சத்துள்ள உணவையும் தொடங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் கணக்கு எளிது. ஒரு பிடி அரிசி, அதில் பாதி பாசிப்பருப்பு, ஒரு துண்டு பூசணி, பாசாரில் வாங்கிய கோழி ஈரலில் கட்டைவிரல் அளவு. எல்லாவற்றையும் குழைய வேகவைத்து மசித்து, இறக்கும்போது அரைக் கரண்டி எண்ணெய் விட வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி உடனே வழிந்துவிடாமல் மெதுவாக நழுவ வேண்டும். வழிந்தால் இன்னும் சற்று நேரம் அடுப்பில் வைக்கிறோம். உப்பும் சீனியும் சேர்ப்பதில்லை. நெத்திலிப் பொடி சேர்ப்பவர்கள், அதிலுள்ள உப்புப் போகப் பலமுறை ஊறவைத்துக் கழுவிய பிறகே காயவைத்துப் பொடிக்க வேண்டும். ஒரு வயதுவரை தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி கைக்குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும். நாக்கில் தேன் தடவுவது நம் வீடுகளில் அன்போடு செய்யப்படும் வழக்கம் என்பதால், இதை வீட்டுக்கு வருகிறவர்களிடமும் சொல்லிவிடுகிறேன். தேத்தண்ணியும் வேண்டாம், அது இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது.

முட்டையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நன்றாக வேகவைத்து, முதல் நாள் ஒரு சிட்டிகை அளவு கொடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு கூட்டலாம்.

முதல் நாள் அவள் இரண்டு கரண்டிதான் உண்டாள், அதிலும் பாதியை நாக்கால் வெளியே தள்ளினாள். நான்காம் நாள் நான் கரண்டியை நீட்டுமுன்னே வாயைத் திறந்தாள். நேற்று அத்தையே கஞ்சியைக் கிளறி, கரண்டியைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டும்" என்று சொல்லி அடுப்பைத் தணித்தார்.