திருநெல்வேலி முதல் பாலோடு வரை: ஓடும் காரிலிருந்து பனை இனங்களைப் பிரித்தறிவது

ஓடுகிற வண்டியிலிருந்து பனைக்குடும்ப மரங்களை இனம் பிரிக்கக் காயைத் தேடிப் பயனில்லை. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் காய் கண்ணில் நிற்காது. கைகொடுப்பது ஓலைதான். விசிறியா, இறகா, மீன்வாலா என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, மீதிக்குத் தண்டு.

பழகுவதற்கு நல்ல வழித்தடம்: திருநெல்வேலி, ஆலங்குளம், தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, அங்கிருந்து குளத்துப்புழை, மடத்தறை வழியாகப் பாலோடு. வறண்ட குளத்துக்கரையில் தொடங்கி ஈரக்காட்டுக்குள் போவதால் மரங்களும் மாறிக்கொண்டே வரும்.

தென்காசி வரை பனையும் தென்னையும்தான் அதிகம். குழப்புவது ஈச்சை, தூரத்தில் இளந்தென்னை என்று தோன்றும். சாம்பல் பூத்த பச்சை, உருண்டைத் தலை, தண்டில் சாய்சதுரத் தழும்புகள் இருந்தால் ஈச்சை. இன்னும் சந்தேகமா? இறங்கி ஒரு கீற்றை, அதாவது ஓலையின் ஒரு சிற்றிலையைப் பாருங்கள். ஈச்சங்கீற்று மேல்பக்கம் குழிந்து மடிந்திருக்கும். தென்னங்கீற்று ஓட்டுக்கூரைபோல் கவிழ்ந்திருக்கும். இந்த ஒரு சோதனை மற்ற இனங்களுக்கும் உதவும்: பனை, தாளிப்பனை, கூந்தற்பனை மூன்றும் ஈச்சையின் பக்கம், கமுகும் எண்ணெய் தரும் செம்பனையும் தென்னையின் பக்கம். மட்டையின் அடியில் கை வைக்கும்போது மட்டும் கவனம், ஈச்சையில் அடிக்கீற்றுகள் முள்ளாகியிருக்கும்.

புளியரை தாண்டி மலையேறினால் கூந்தற்பனையைத் தேடலாம். மீன்வால் ஓலை இதனுடையதுதான்: இரண்டு முறை கிளைத்து, நுனி கடித்தெடுத்ததுபோல் ஒழுங்கற்று இருக்கும். இந்தக் குடும்பத்தில் இப்படிக் கிளைக்கும் ஓலை இதன் பேரினத்துக்கு மட்டுமே உண்டு. பூங்குலை உச்சியில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். கடைசிக் குலை முடிந்ததும் மரம் பட்டுவிடும். ஆகவே தலை காய்ந்து நடுத்தண்டில் குலை தொங்கும் மரத்தை நோய் என்று குறித்துக்கொள்ள வேண்டாம். பழத்தை வெறும் கையால் பிசையக் கூடாது. ஆக்சலேட் ஊசிகளால் அரிப்பெடுக்கும்.

கேரளப் பக்கம் தோட்டங்களில் நிற்கும் தாளிப்பனையைப் பனை என்று எழுதிவிடுவது வழக்கமான பிழை. அளவைப் பார்த்தால் போதும்: வளர்ந்த தாளிப்பனையின் விசிறி 5 மீட்டர் அகலம்வரை விரியும், பனையோலை அதில் பாதிகூட வராது. தாளிப்பனை 30 முதல் 80 வயதுக்குள் ஒரே ஒரு முறை உச்சியில் பூத்து, காய் முதிர்ந்ததும் சாகும். பூத்த மரம் கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்தாமல் போவது பாவம்.

குளத்துப்புழை வட்டாரத்தில் வரிசையாக வருவது தென்னந்தோப்பு அல்ல, செம்பனை. கீற்றுகள் ஒரே தளத்தில் அமையாமல் பல கோணத்தில் நீட்டிக்கொண்டு கலைந்த தலையாகத் தெரியும். தண்டில் ஒட்டியிருக்கும் பழைய மட்டைகளில் பெரணி முளைத்திருக்கும். தென்னந்தண்டோ வழவழப்பு.

பனைப் பட்டியலில் சேர்க்கக் கூடாதவை இரண்டு. விடுதி வாசல்களில் நிற்கும் விசிறிவாழை மடகாஸ்கர் செடி, வாழைக்கு உறவு. ஈந்து (சைக்கஸ்) பூக்காத தாவரம். அதன் இளங்கீற்று பெரணிபோல் சுருண்டிருப்பதே அடையாளம்.

பாலோட்டில் 1979இல் நிறுவப்பட்ட ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரத் தோட்டம் இருக்கிறது, 300 ஏக்கர். பனைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. வழியில் சந்தேகக்குறி போட்டவற்றை அங்கே ஒப்பிட்டுத் திருத்தலாம்.

படமெடுப்பவர் இடப்பக்கம் உட்காருவது நல்லது. ஷட்டர் 1/1000 நொடியைவிட மெதுவானால் ஓலை கலங்கிவிடும். போலரைசர் வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள். அதோடு காரின் பக்கக் கண்ணாடி வழியே எடுத்தால் வானவில் திட்டுகள் விழும். நிறுத்தி எடுப்பதென்றால் மூன்று படம் தேவை: முழு மரம், மட்டை தண்டோடு சேரும் இடம், கீற்றின் மடிப்பு. ஆரியங்காவு வளைவுகளில் நிறுத்தாதீர்கள். தென்மலையைச் சுற்றிச் செந்துருணி சரணாலயம் இருப்பதால் காட்டில் விதை ஒன்றுகூடப் பொறுக்கக் கூடாது.